மஞ்சேரி ஏற்ற மாமனிதர்

வகுப்பறையில் ஆசிரியர் மாணவர்க்குக் கற்பிப்பதுண்டு. மாணவர் எழுப்பும் வினா ஆசிரியரைக் கற்க வைப்பதும் உண்டு. உரைநடைப் பாடம் ஒன்றின் இடையே, கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் தம் வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகள் மக்களவை உறுப்பினராக விளங்கினார் என்று கூறினேன். அப்பெருந்தகை எந்தத் தொகுதியின் உறுப்பினர் என்று ஒரு மாணவர் எழுந்து வினவினார். திருநெல்வேலி என்றார் ஒருவர். இராமநாதபுரம் என்றார் மற்றொருவர். வேலூராக இருக்கலாம் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மஞ்சேரி என்று நான் விடை பகர்ந்தேன். மறுநாள் அதே மாணவர் வந்து, இந்தியாவின் மக்களவைத் தொகுதிகளின் பட்டியலை முழுவதும் பார்த்ததாகவும், அப்பெயரில் ஒரு தொகுதியே இல்லை என்றும் பணிவுடன் கூறினார்.

அவர் கூறியது உண்மையே. மஞ்சேரி என்னும் ஊர் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இன்றும் உள்ளது. மஞ்சேரி என்னும் மக்களவைத் தொகுதிதான் 2009ஆம் ஆண்டுத் தேர்தலோடு இல்லாது போயிற்று. தமிழ் மண்ணில் பிறந்த ஒரு தலைவரை, மலையாளம் பேசும் மக்கள் மும்முறை தம் சார்பாளராகத் தேர்ந்து தில்லிக்கு அனுப்பிய வரலாறு அத்தொகுதிக்கு உண்டு. தொகுதி மறைந்ததால் அவ்வரலாறும் மறைந்துவிடலாகாது என்னும் எண்ணமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பேட்டை முதல் சென்னை வரை

திருநெல்வேலியை அடுத்த பேட்டையில், 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், மௌலவி மியாகான் ராவுத்தரின் மகனாக இஸ்மாயீல் சாஹிப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர் அன்னையின் அரவணைப்பில் வளர்ந்தார். மார்க்கக் கல்வியும் உலகியற் கல்வியும் இரு கண்களாக அவருக்கு வாய்த்தன. பதின்மூன்று வயதிலேயே, 1909இல், பேட்டையில் முஸ்லிம் இளைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார் என்பது, அவர்தம் பொதுவாழ்வு எத்துணை இளம்பருவத்தில் அரும்பியது என்பதைக் காட்டும்.

திருநெல்வேலியிலும் திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற அவர், பட்டத் தேர்வு எழுதவேண்டிய தறுவாயில் நாட்டில் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது. அண்ணல் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுத் தேர்வைத் துறந்தார். கல்லூரிப் பட்டம் இல்லாமலேயே, கல்லூரிகள் தோன்ற வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சமுதாயத்தை வலியுறுத்தியவர் அவர். பின்னர்ச் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். அந்நாளில் சென்னை மாகாணத்து முஸ்லிம் பெருமக்கள் பலர் செழித்த துறை அது. எனினும் அவருடைய நெஞ்சம் வணிகத்தைவிடப் பொதுத்தொண்டிலேயே மிகுதியாகத் தோய்ந்திருந்தது.

1946இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடைபெற்றது. இஸ்மாயீல் சாஹிப் முஸ்லிம் லீகின் சார்பில் சட்டமன்றம் புகுந்து, எதிர்க்கட்சித் தலைவரானார். 1952 வரை அப்பொறுப்பில் இருந்தார். இங்கே மாணவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். அந்நாளைய சென்னை மாகாணம் இன்றைய தமிழகம் மட்டுமன்று. மலபாரும் அதனுள் அடங்கியிருந்தது. ஏறநாட்டு மக்களின் குறைகளும் சென்னைக் கோட்டையில்தான் ஒலித்தன. ஆகவே, பிற்காலத்தில் மஞ்சேரி மக்கள் அவரை ஏற்றபோது, அறியாத ஒருவரை அவர்கள் ஏற்கவில்லை. தமக்காக முன்பே வாதாடிய ஒருவரையே ஏற்றனர்.

கேட்டதும் மறுக்கப்பட்டதும்

நாடு விடுதலை பெற்றது, பிரிவினையும் நேர்ந்தது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், இரு நாடுகளுக்கும் இரு வேறு அமைப்புகளாகப் பிரிவதென முடிவு செய்து, இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராக இஸ்மாயீல் சாஹிபைத் தேர்ந்தெடுத்தது. அது மலர்மாலை அன்று, முள்முடி. இந்திய மண்ணில் லீகின் பெயரை உச்சரிப்பதே ஐயத்திற்கு இடமாகக் கருதப்பட்ட காலம். கட்சியைக் கலைத்துவிடுவதே நலம் என்று கருதியோர் சமுதாயத்திற்குள்ளேயே பலர் இருந்தனர். 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை அரசினர் தோட்டத்து மண்டபத்தில் கூடிய கூட்டத்தில், இந்திய யூனியன் முஸ்லிம் லீகாக இயக்கம் தொடர்வதென முடிவாயிற்று. அன்று முதல் மறையும் வரை அதன் தலைவர் அவரே.

அரசியல் நிர்ணய சபையிலும் அவர் உறுப்பினராக இருந்தார். 1948 நவம்பர் 23ஆம் நாள், பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்திற்கு வந்தபோது, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு வற்புறுத்தப்படலாகாது என்னும் திருத்தத்தை முன்மொழிந்தார். அது ஏற்கப்படவில்லை. ஆட்சிமொழி பற்றிய வாதத்தின்போது, தொன்மையே அளவுகோல் எனின் திராவிட மொழிகளுக்கு, அவற்றுள்ளும் தமிழுக்கு, உரிய தகுதியை எவரும் மறுக்கவியலாது என்று எடுத்துரைத்தார். தமிழ்த்துறை சார்ந்த நாம் நன்றியுடன் நினைக்கவேண்டிய செயல் இது.

அவர் கேட்டவற்றுள் மிகுந்த எதிர்ப்புக்கு உள்ளானது தனி வாக்காளர் முறை. முஸ்லிம் வாக்காளர்கள் தனிப்பட்டியலில் இருந்து தம் உறுப்பினரைத் தாமே தேர்வதே அம்முறை. ஆங்கிலேயர் காலத்தில் நடைமுறையில் இருந்த அது, மக்களைப் பிரித்துவைக்கும் என்றும் பிரிவினைக்கு அதுவே வழிகோலியது என்றும் பெரும்பாலோர் கருதினர். சிதறி வாழும் சிறுபான்மையினரின் உண்மையான கருத்து அவைக்கு வர வேறு வழி இல்லை என்பது இஸ்மாயீல் சாஹிபின் வாதம். இதே கோரிக்கையை 1947 ஆகஸ்டில் அச்சபையில் எழுப்பியவர் மலபாரைச் சேர்ந்த பி. போக்கர் சாஹிப். 1949 மே மாதத்தில் சிறுபான்மையினர் பற்றிய அறிக்கை விவாதிக்கப்பட்டபோது இஸ்மாயீல் சாஹிப் மீண்டும் வற்புறுத்தினார். சர்தார் பட்டேல் கடுமையாக மறுத்துரைத்தார், சபை நிராகரித்தது.

இவ்விரு பெரியோரின் வாதம் சரியா, சபையின் முடிவு சரியா என்று இன்றும் வாதிடுவோர் உளர். அதனினும் நம் சிந்தனைக்கு உரியது, மறுக்கப்பட்ட பின்னர் அவர்கள் செய்தது யாது என்பதே. அவர்கள் சினந்து ஒதுங்கவில்லை. தேர்தலைப் புறக்கணிக்கவும் இல்லை. அரசியல் சட்டம் வகுத்த பொது வாக்காளர் முறையைத் தலைமேல் ஏற்று, எல்லாச் சமயத்தாரிடமும் வாக்குக் கேட்டு நின்றனர். அந்த முயற்சியின் களமாக அமைந்ததே பின்னாளில் மஞ்சேரி எனப் பெயர்பெற்ற தொகுதி.

தொகுதியின் தோற்றம்

1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் அப்பகுதி மலப்புறம் என்னும் பெயரில் சென்னை மாநிலத்துத் தொகுதியாக இருந்தது. போக்கர் சாஹிப் அங்கே வென்றார். முதல் மக்களவையில் லீகின் ஒரே உறுப்பினர் அவர்தாம். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் சென்னையிலிருந்து பிரிந்து கேரளத்தில் சேர்ந்தது. 1957 தேர்தலில் மஞ்சேரித் தொகுதி உருவாயிற்று. அதன் முதல் உறுப்பினரும் போக்கர் சாஹிபே.

இஸ்மாயீல் சாஹிப் அக்காலத்தில், 1952 முதல் 1958 வரை, சென்னை மாநிலத்தின் சார்பில் மாநிலங்களவையில் இருந்தார். அடுத்து அவர் மக்களவைக்குப் போட்டியிட எண்ணியபோது தமிழகத்துத் தொகுதி ஒன்றை ஏன் நாடவில்லை என்னும் வினா எழுவது இயல்பு. தமிழகத்து முஸ்லிம்கள் ஊர்தோறும் பரவி வாழ்பவர்கள். எந்த ஒரு மக்களவைத் தொகுதியிலும் பெரும்பான்மையாக இல்லாதவர்கள். ஏறநாட்டிலோ நிலைமை வேறு. அங்கே மாப்பிள்ளைச் சமுதாயத்தார் செறிந்து வாழ்கின்றனர். பொது வாக்காளர் முறையிலும் அவர்தம் குரல் அவைக்குச் செல்ல அங்கே வழி இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் அவர் கொண்ட கவலை முற்றிலும் காரணமற்றதன்று என்பதற்குத் தமிழகமும், அக்கவலைக்கு மாற்று வழி அறவே இல்லாமற் போகவில்லை என்பதற்கு மஞ்சேரியும் சான்றாயின. தமிழகத்திலோ அவர் நட்பணி அரசியலை வளர்த்தார்; பேரறிஞர் அண்ணாவின் திராவிட முன்னேற்றக் கழகத்தோடு தோழமை பூண்டார். 1967இல் தமிழகத்தில் ஆட்சி மாறியபோது அந்தத் தோழமையும் அதற்குத் துணை நின்றது.

மூன்று தேர்தல்கள், மூன்று அணிகள்

மஞ்சேரியில் அவர் பெற்ற மூன்று வெற்றிகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு தோன்றும்.

1960இல் கேரளத்தில் காங்கிரஸும் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியும் லீகும் அணிசேர்ந்து வென்றன. வெற்றிக்குப் பின் லீகுக்கு அமைச்சரவையில் இடம் மறுக்கப்பட்டது. சபாநாயகர் பதவி மட்டும் கே.எம். சீதி சாஹிபுக்கு அளிக்கப்பட்டது. 1961இல் அவர் மறைந்தபின் அப்பதவிக்கு வந்த சி.எச். முஹம்மது கோயா, கட்சி உறுப்பினர் நிலையைத் துறந்த பிறகே அதில் அமர முடிந்தது. இத்தகைய நடத்தையால் மனம் கசந்த லீக் அணியை விட்டு வெளியேறியது. 1962 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸின் துணையும் இல்லை. கம்யூனிஸ்டுகளின் துணையும் இல்லை. தனித்து நின்ற லீக், மஞ்சேரியில் இஸ்மாயீல் சாஹிபையும் கோழிக்கோட்டில் சி.எச். முஹம்மது கோயாவையும் வெல்லச் செய்தது.

1967இல் காட்சி மாறியது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலான ஐக்கிய முன்னணியில், மார்க்சிஸ்ட் கட்சியுடன் லீக் இணைந்து நின்றது. மஞ்சேரி மீண்டும் இஸ்மாயீல் சாஹிபையே தேர்ந்தது. அமைந்த அமைச்சரவையில் லீகின் இருவர் இடம்பெற்றனர், சி.எச். முஹம்மது கோயா கல்வி அமைச்சரானார். 1968இல் தேஞ்ஞிப்பலத்தில் கோழிக்கோடு பல்கலைக்கழகம் தோன்றியதும், 1969 ஜூன் 16ஆம் நாள் மலப்புறம் தனி மாவட்டமாக மலர்ந்ததும் அவ்வாட்சிக் காலத்தில் நிகழ்ந்தவை. நெடுங்காலம் பின்தங்கிக் கிடந்த வட்டாரம் அது. 1921ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் அதன்பின் நேர்ந்த அடக்குமுறையும் விட்டுச்சென்ற வடுக்களைச் சுமந்து நின்ற மண். அம்மண்ணுக்கு ஒரு பல்கலைக்கழகமும் ஒரு மாவட்டமும் வாய்த்தமை, வாக்குச்சீட்டின் பயன் எத்தகையது என்பதை மக்களுக்குக் கண்கூடாகக் காட்டியது.

1971இல் மீண்டும் அணி மாறியது. அச்சுத மேனன் தலைமையில் ஆட்சி நடந்த அக்காலத்தில், லீக் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியோடும் இந்திரா காந்தியின் காங்கிரஸோடும் ஓரணியில் நின்றது. மார்க்சிஸ்டுகள் எதிரணியில் இருந்தனர். அப்போதும் மஞ்சேரியின் முடிவு மாறவில்லை.

தனித்து நின்றபோதும், இடப்பக்கம் சேர்ந்தபோதும், எதிர்ப்பக்கம் சேர்ந்தபோதும் ஒரே மனிதரை ஒரே தொகுதி ஏற்றது. கட்சியின் வலிமையும் சமுதாயத்தின் செறிவும் அதற்குக் காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அச்செறிவில் பிறந்த மலையாளத் தலைவர்கள் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவரை நிறுத்தியிருந்தாலும் வெற்றி எய்தியிருக்கலாம். தாய்மொழி வேறு, பிறந்த மண் வேறு, 1956க்குப் பின் மாநிலமும் வேறு என்றான ஒருவரைத் தம்மவர் என்று அம்மக்கள் கொண்டாடியது ஏன்?

விடை அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1948இல் எல்லாரும் அஞ்சி ஒதுங்கிய வேளையில் நின்று காத்தவர் அவர் என்பதை அம்மக்கள் மறக்கவில்லை. பதவி வந்தபோது ஓடிவந்தவர் அல்லர். பழி வந்தபோது விலகாதவர். எளிய உடை, எளிய வாழ்வு, கடுஞ்சொல் கலவாத நா, மாற்றாரும் மதிக்கும் பண்பு ஆகியன அவருக்கு அணிகலன்களாயின. தேர்தல் நாளில் அவர் மஞ்சேரியில் சுற்றித் திரிந்து வாக்குக் கேட்டதில்லை என்றும், மனு அளிக்க ஒருமுறையும் நன்றி நவில ஒருமுறையுமே வருவார் என்றும் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சொல்லச் சொல்ல அச்செய்தி சற்று வளர்ந்திருக்கவும் கூடும். ஆயினும், வாக்குக் கேட்டு வருவதற்கு முன்பே வாழ்ந்து காட்டி வாக்கைப் பெற்றவர் அவர் என்னும் உட்பொருள் பொய்யாகாது.

மறைவும் அதன் பின்னும்

1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் அப்பெருந்தகை இறையடி சேர்ந்தார். சமய வேறுபாடின்றி மக்கள் திரண்டு கண்ணீர் சிந்த, திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பெற்றார். மஞ்சேரியின் உறுப்பினராகவே வாழ்ந்து, மஞ்சேரியின் உறுப்பினராகவே மறைந்தார்.

1973இல் நடந்த இடைத்தேர்தலில், கேரள அமைச்சர் பதவியைத் துறந்து வந்த சி.எச். முஹம்மது கோயா அவ்விடத்திற்குத் தேர்வானார். 1977, 1980, 1984, 1989 ஆகிய நான்கு தேர்தல்களில் இப்ராஹிம் சுலைமான் சேட் வென்றார். அவர் பெங்களூரில் பிறந்தவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பேட்டையாரை ஏற்ற தொகுதி பெங்களூராரையும் ஏற்றது. 1991, 1996, 1998, 1999 ஆகிய தேர்தல்களில் கண்ணூரைச் சார்ந்த இ. அஹமது வென்றார். இவ்வாறு நாற்பத்தேழு ஆண்டுகள் ஓர் இயக்கத்தின் கோட்டையாகக் கருதப்பட்ட மஞ்சேரியில், 2004ஆம் ஆண்டுத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ஹம்ஸா வெற்றி பெற்றார். அதுவே அத்தொகுதியின் இறுதித் தேர்தல். தொகுதி மறுசீரமைப்பின்படி 2009இல் மஞ்சேரி மறைந்து, மலப்புறம் தொகுதி மீண்டும் பிறந்தது. நிலம்பூர், வண்டூர் முதலிய பகுதிகள் புதிய வயநாடு தொகுதியில் சேர்ந்தன. மலப்புறம் என்னும் பெயரில் தொடங்கிய பயணம் மலப்புறத்திலேயே வந்து நின்றது.

2004ஆம் ஆண்டு முடிவைச் சிலர் வருத்தத்துடன் நினைவுகூர்வர். மாணவர்கள் அதில் ஒரு பாடத்தைக் காணவேண்டும் என்பதே என் எண்ணம். நம்பிக்கை என்பது வழிவழியாக வரும் சொத்தன்று. ஒரு தலைவருக்கு மக்கள் அளித்ததை அவருடைய கட்சி எக்காலத்திற்கும் பட்டா போட்டுக்கொள்ள இயலாது. ஒவ்வொரு தலைமுறையும் அதை உழைத்து ஈட்டவேண்டும். இதனை முதலில் ஒப்புக்கொள்பவர் காயிதே மில்லத் அவர்களாகவே இருந்திருப்பார். ஏனெனில் அவர் தம் வெற்றிகளை அவ்வாறே ஈட்டினார்.

பெயர்கள் நிலையற்றவை. 1991இல் தஞ்சை மாவட்டத்தைப் பிரித்து அமைத்த புதிய மாவட்டத்திற்கு நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்று பெயரிட்டனர். 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டபோது அப்பெயரும் நீங்கியது. சென்னையில் 1974இல் தொடங்கப்பெற்ற அரசினர் மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கிக் கல்விப்பணி ஆற்றுகிறது. 1996இல், அவர்தம் நூற்றாண்டையொட்டி நடுவண் அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. மாவட்டத்தின் பெயர் மாறலாம். தொகுதியின் எல்லை அழியலாம். கேட்டது கிடைக்காதபோது கிடைத்ததைக் கொண்டு நேர்மையாக வாழ்ந்து காட்டிய ஒருவரின் வரலாறு அழிவதற்கில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்கும். வாக்காளர் பட்டியலில் பெயரும் ஏறியிருக்கும். மஞ்சேரி மக்கள் முதன்முதலாக இஸ்மாயீல் சாஹிபுக்கு வாக்களித்தபோது வாக்குரிமை வயது இருபத்தொன்று. மூன்றாண்டுகள் முன்னதாகவே உங்களுக்கு அவ்வுரிமை வாய்த்திருக்கிறது. வாக்களிக்கும் நாளில், நம் மொழியினரா, நம் ஊரினரா, நமக்கு என்ன தருவார் என்பவற்றோடு, இடர் வந்தபோது எங்கே நின்றார் என்னும் வினாவையும் கேளுங்கள். ஏறநாட்டு உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் 1962இல் அந்த ஒரு வினாவைக் கேட்டதால்தான், பேட்டையில் பிறந்த ஒரு தமிழர் மஞ்சேரியின் மனிதரானார்.

அம்மாணவருக்கு நான் அன்று முழுமையாகச் சொல்லாத விடை இதுவே. வல்ல இறைவன் அப்பெருந்தகையின் நற்பணிகளை ஏற்று, அவருக்கு மேலான சுவனபதியை அருள்வானாக.